தலைகளை அளந்த பேராசிரியர் பிரான்ஸ் போவாஸ்

சென்னை அருங்காட்சியகத்தில் 1885-ஆம் ஆண்டு முதல் 1908-ஆம் ஆண்டு வரை கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், தென்னாட்டு மக்களின் தலைகளையும் மூக்குகளையும் அளப்பதில் பெருவிருப்புக் கொண்டிருந்தார். பல்வேறு சாதியாரையும் மலைவாழ் மக்களையும் நிறுத்தி அளந்து அவர் தொகுத்த குறிப்புகள், 1909-இல் ஏழு பெருந்தொகுதிகளாக அச்சேறின. வடநாட்டிலும் வங்கத்திலும் இதே பணியைச் செய்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய பேரதிகாரி அவரே. ஒரு சாதியின் மூக்கு எவ்வளவுக்கு அகலமோ, அவ்வளவுக்கு அதன் சமூக நிலை தாழ்ந்திருக்கும் என்று அவர் ஒரு விதியே வகுத்தார். தீண்டாமை என்னும் கொடுமைக்குச் சாத்திரம் தந்த ஆதாரம் போதாதென்று, விஞ்ஞானத்தின் பெயரால் மற்றோர் ஆதாரமும் சேர்ந்தது.

இவ்விதி வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நான் பள்ளியில் பயின்ற காலத்தில் ஆசிரியர் ஒருவர் மனித இனங்களைப் பற்றிப் பாடம் நடத்துகையில், என்னை எழுப்பி நிறுத்தி, என் மூக்கைச் சுட்டி வகுப்பாருக்கு விளக்கம் சொன்னார். அவரிடம் வன்மம் இருந்ததாக நான் இன்றும் கருதவில்லை. தாம் கற்றதை அவர் கற்பித்தார். ஆனால் அன்று அமரும்போது விடை சொல்ல எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அந்த விடையை எனக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் ஆயத்தம் செய்து வைத்திருந்தார் என்பதைப் பட்டப்படிப்பிற்குப் பின்னரே அறிந்தேன். தர்ஸ்டனும் ரிஸ்லியும் பிடித்த அதே அளவுகோலைப் பிடித்து, அவர்கள் சொன்னதற்கு நேர்மாறான முடிவைக் கண்டவர் அவர். நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரைப் புரட்டும் இளைஞர்கள் அவரை அறிந்திருத்தல் வேண்டும். அவர் செய்த நன்மையையும், அவர் இழைத்த தவற்றையும் ஒருசேர அறிந்திருத்தல் வேண்டும்.

பிரான்ஸ் போவாஸ் 1858-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள் செருமனி நாட்டில் மின்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வணிகர், தாயார் சோபி அவ்வூரில் மழலையர் பள்ளி நிறுவியவர். குடும்பம் யூதக் குடும்பம். 1848-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் எழுந்த விடுதலைக் கிளர்ச்சியின் கொள்கைகள் அவ்வில்லத்தில் அன்றாடப் பேச்சாக இருந்தன. எனினும் வீட்டு வாயிலைக் கடந்தால் நிலைமை வேறு. யூதர் என்றால் இளக்காரமாகப் பேசுவோர் பல்கலைக்கழகங்களிலும் மலிந்திருந்தனர். மாணவர்கள் வாளேந்தி மோதிக்கொள்வது அந்நாட்டு வழக்கமாகையால், அத்தகைய மோதல்களின் வடுக்கள் இறுதிநாள் வரை போவாசின் முகத்தில் இருந்தன. அவற்றுள் யூதரைப் பழித்த சொல்லின் பொருட்டு ஏற்பட்டதும் உண்டு.

அவர் கற்றது மானிடவியல் அன்று, இயற்பியல். கடல்நீரின் நிறத்தை ஆராய்ந்து 1881-இல் கீல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஒரே நீரைப் பார்க்கும் இருவர் கண்களுக்கு நிறம் ஏன் சற்றே வேறுபட்டுத் தோன்றுகிறது என்ற வினா அவர் மனத்தில் அப்பொழுதே விழுந்தது. பார்க்கப்படும் பொருளைப் போலவே பார்ப்பவனையும் ஆராய வேண்டும் என்னும் எண்ணத்திற்கு அது வித்து. பின்னர் அவர் புவியியல் துறையை நாடி, 1883-ஆம் ஆண்டு வட துருவத்தை அடுத்த பாபின் தீவுக்குக் கப்பலேறினார். அந்நாளில் எஸ்கிமோக்கள் என்று பிறரால் அழைக்கப்பட்ட இன்யூட் மக்களிடையே ஓராண்டுக் காலம் தங்கி, கடற்கரைகளை வரைபடமாக்குவதே நோக்கம்.

பனிநிலம் அவருக்குப் பாடம் புகட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள், பனிச்சறுக்கு வண்டியில் சென்ற குழுவினர் வழி தவறினர். உறைநிலைக்குக் கீழே 46 பாகைக்கும் மேற்பட்ட குளிரில் 26 மணிநேரம் இருளில் அலைந்தனர். ஐரோப்பாவில் கற்ற கல்வி அவ்விருளில் எதற்கும் உதவவில்லை. பனியின் தன்மையையும் காற்றின் திசையையும் அறிந்த இன்யூட் தோழர்களே அவர் உயிருக்குக் காவல். கரை சேர்ந்தபின் அவர்களுடைய குடிலில் அவர்கள் பகிர்ந்தளித்த உணவை உண்டார். அந்நாட்களில் தமக்கு மணம் பேசப்பட்டிருந்த மேரி என்னும் பெண்ணுக்கு அவர் எழுதி வந்த மடல்களில், நாகரிகச் சமுதாயம் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் இம்மக்களைவிட எவ்வகையில் உயர்ந்தவர் என்று தமக்கே வினா எழுப்பிக்கொண்டார். இவர்களை இழிவாக நோக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்ற முடிவுக்கும் வந்தார். அப்போது அவருக்கு வயது 25.

ஆயினும் அதே குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் அக்குடியிருப்புகளில் பரவிக் குழந்தைகள் மாண்டன. புதிதாக வந்த வெள்ளையரே நோய்க்குக் காரணம் என்று சிலர் ஐயுற்று அவரை விலக்கினர். ஆராய்ச்சியாளன் ஒருவன் எளிய மக்களின் வாயிலில் வந்து நிற்கும்போது அவனோடு வேறென்ன வந்து சேர்கிறது என்ற வினா அன்றே அவர் முன் நின்றது. அவ்வினாவுக்கு அவர் உடனே உரிய விடை கண்டுவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1887-இல் மேரியை மணந்து அமெரிக்காவில் குடியேறினார். அவ்வாண்டே வாசிங்டன் அருங்காட்சியகத்தாரோடு அச்சில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. அங்கே உலக மக்கள் அனைவரின் வில், பானை, இசைக்கருவி முதலியவற்றை எடுத்து, காட்டுமிராண்டி நிலை, இடைநிலை, நாகரிக நிலை எனப் படிப்படியாக அடுக்கி வைப்பது மரபு. படியின் உச்சியில் யார் நிற்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? போவாஸ் இவ்வடுக்கை மறுத்தார். ஒரு கருவியை அதைச் செய்த மக்களின் வாழ்க்கையிலிருந்து பிரித்தெடுத்தால் அதன் பொருளே விளங்காது. எனவே ஒவ்வொரு குடியின் பொருள்களையும் ஒன்றாக வைத்துக் காட்டுக என்றார். படிக்கட்டு ஒன்றைக் கட்டி மனிதரை அதன்மேல் ஏற்றி இறக்கும் பழக்கத்தை நன்கறிந்த நமக்கு, இச்சொற்போரின் அருமையைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை.

1889 முதல் 1892 வரை கிளார்க் பல்கலைக்கழகத்தில் பணி. அங்கே வூஸ்டர் நகரப் பள்ளிப் பிள்ளைகளின் உயரம், எடை, தலை ஆகியவற்றை அளக்க முற்பட்டபோது, முகத்தில் வடுக்கள் கொண்ட அயல்நாட்டான் நம் பிள்ளைகளைத் தொடுவதா என்று உள்ளூர்ச் செய்தித்தாள் கொதித்தெழுந்தது. முன்பின் அறியாதவர் வந்து பிள்ளைகளை அளப்பதென்றால் தலைமையாசிரியன் என்ற முறையில் என் மனம் பெற்றோர் பக்கமே சாய்கிறது. ஆயினும் அவ்வாய்வால் விளைந்த பயனையும் கூற வேண்டும். உடலில் பெரிய பிள்ளைகளே அறிவிலும் பெரியவர் என்று அப்போது வேறொருவர் எழுதினார். போவாஸ் அதை மறுத்து, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய விரைவில் வளர்கிறது. இன்று பின்தங்கி நிற்பது பிறவிக் குறையன்று, காலத்தின் வேறுபாடே என்று காட்டினார். எட்டாம் வகுப்பில் மந்தம் என்று ஒதுக்கப்பட்டுப் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

இனி, அவர் வாழ்வின் இருண்ட பக்கத்திற்கு வருவோம். புகழுரை மட்டும் எழுதுவதாயின் இதைத் தாண்டிச் சென்றுவிடலாம். அது நம் இளைஞருக்குச் செய்யும் துரோகமாகும்.

1888-இல் கனடாவின் மேற்குக் கரையில் பயணம் செய்தபோது, பழங்குடியினரின் இடுகாடுகளிலிருந்து மண்டையோடுகளை அவர்கள் அறியாமல் எடுத்தார். கல்லறையில் திருடுவது மனத்திற்கு ஒவ்வாத வேலை என்று அவரே குறித்து வைத்தார். ஆயினும் யாரேனும் ஒருவர் செய்தே ஆகவேண்டும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். எடுத்தவற்றை அருங்காட்சியகங்களுக்கு விற்கவும் செய்தார்.

இதினும் கொடியது 1897-இல் நிகழ்ந்தது. அப்போது அவர் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். துருவப் பயணி ராபர்ட் பியரியிடம், கிரீன்லாந்திலிருந்து இன்யூட் ஒருவரை ஆய்வுக்காக அழைத்து வரலாம் என்று கூறியிருந்தார். பியரி ஒருவரை அன்று, ஆறு பேரை அழைத்து வந்தார். கப்பலில் ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து அவர்களை வேடிக்கை பார்த்தனர். பின்னர் அருங்காட்சியகத்தின் நிலவறையில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். பனிநாட்டு உடல்கள் நகரத்தின் காசநோயைத் தாங்கவில்லை. சில திங்கள்களில் நால்வர் மாண்டனர். ஒருவர் தம் நாடு திரும்பினார். எஞ்சியவன் ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுவன் மினிக். மாண்டோருள் கிசுக் என்பவர் அவன் தந்தை.

தந்தைக்குத் தன் குல முறைப்படி இறுதிக்கடன் செய்ய வேண்டும் என்று சிறுவன் அழுதான். அருங்காட்சியகத்தார் ஒரு மரக்கட்டையைத் தோலால் போர்த்தி, தோட்டத்தில் புதைத்து, மேலே கற்களை அடுக்கி, இதுவே உன் தந்தை என்று அவனை நம்பச் செய்தனர். கிசுக்கின் எலும்புகளோ ஆராய்ச்சிக்காக உள்ளே வைக்கப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து வளர்ந்த மினிக் உண்மையை அறிந்தான். தந்தையின் எலும்புகளைத் தருமாறு மன்றாடினான். எவரும் தரவில்லை. இச்செய்தி நாளேடுகளில் வந்து போவாசிடம் வினவியபோது, சிறுவனின் மனம் நோகாதிருக்கவே அப்போலி அடக்கம் நிகழ்ந்தது, அதில் பெருங்குற்றம் ஏதும் தமக்குத் தெரியவில்லை என்ற பொருள்பட விடையிறுத்தார். 1909-இல் கிரீன்லாந்து சென்ற மினிக், தன் தாய்மொழியையும் வேட்டைத் தொழிலையும் மறந்திருந்தமையால் மீண்டும் முதலிலிருந்து கற்றான். அங்கும் மனம் ஒன்றாமல் 1916-இல் அமெரிக்கா திரும்பி, மரம் வெட்டும் வேலை செய்து, 1918-ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் இறந்தான்.

இன்யூட் மக்களின் குடிலில் உயிர் பிழைத்து, அவர்களை இழிவாக நோக்க எவருக்கும் உரிமையில்லை என்று எழுதிய அதே கை, அம்மக்களில் ஒரு சிறுவனுக்கு அவன் தந்தையின் உடலைத் தர மறுத்த அவைக்குத் துணை நின்றது. நல்லெண்ணம் கொண்ட அறிஞரும், தாம் ஆராயும் மக்களைப் பொருளாகக் கருதும் நொடியில் எவ்வளவு தூரம் வழுவ முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

1899-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1905-இல் அருங்காட்சியகப் பணியைத் துறந்தார். அடுத்த ஆண்டு மே மாத இறுதியில், கறுப்பின மக்களின் கல்விநிலையமான அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவிற்குக் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்ஸ் அவரை அழைத்தார். ஆப்பிரிக்க மக்கள் பண்டே இரும்பை உருக்கக் கற்றதையும், சகாராவுக்குத் தெற்கே எழுந்த பேரரசுகளையும், பெனின் நகரத்து வெண்கலச் சிற்பங்களையும் போவாஸ் அம்மேடையில் எடுத்துரைத்தார். இன்றைய தாழ்நிலை உங்கள் பிறவியின் விளைவன்று, வரலாற்றின் விளைவு என்பது அவர் உரையின் சாரம். டுபாய்ஸ் அப்போதே நாடறிந்த வரலாற்றாசிரியர். அவரே, இவ்வரலாறு தமக்குக் கற்பிக்கப்படவே இல்லையே என்று அன்று திகைத்து நின்றதாகப் பின்னாளில் எழுதினார். தன் மக்களின் வரலாற்றைப் பிறர் வாயிலாகக் கேட்டுத் திகைக்கும் நிலை நமக்கும் புதிதன்று. அவ்விழா நடந்து நான்கு மாதம் கழியுமுன் அட்லாண்டா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்றது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். ஓர் உரையால் ஒரு நகரம் திருந்திவிடாது.

இனி, என் வகுப்பறை வினாவுக்கு விடையளித்த ஆராய்ச்சிக்கு வருகிறேன். அந்நாளில் தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஏழை மக்கள் அமெரிக்காவுக்குத் திரளாக வந்தனர். இவர்கள் தாழ்ந்த இனத்தார், இவர்களால் நாடு கெடும் என்று கூக்குரல் எழுந்தது. ஆராய்வதற்காக 1907-இல் நாடாளுமன்றம் ஓர் ஆணையம் அமைத்தது. அதன் சார்பில் 1908 முதல் 1910 வரை போவாசும் அவருடைய உதவியாளர்களும் நியூயார்க்கில் குடியேறியோரையும் அவர்தம் பிள்ளைகளையுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்தனர்.

மண்டையோட்டின் வடிவம் இனத்தின் மாறாத முத்திரை என்பது அக்கால விஞ்ஞானத்தின் அடித்தளம். தலையின் அகலம் நீளத்தில் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டு, இன்னார் நீள்தலையர், இன்னார் உருண்டைத் தலையர் எனப் பிரித்தனர். போவாஸ் கண்டது யாது? ஒரே பெற்றோருக்கு ஐரோப்பாவில் பிறந்த பிள்ளையின் தலையும் அமெரிக்காவில் பிறந்த பிள்ளையின் தலையும் ஒத்திருக்கவில்லை. உருண்டைத் தலையர் எனப்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூதரின் பிள்ளைகளுக்குத் தலை சற்று நீண்டது. நீள்தலையர் எனப்பட்ட சிசிலித் தீவினரின் பிள்ளைகளுக்குத் தலை சற்று உருண்டது. தாய் அமெரிக்காவுக்கு வந்து ஆண்டுகள் கூடக் கூட மாற்றமும் கூடிற்று. உணவும் சூழலும் ஒரே தலைமுறையில் மாற்றக்கூடிய ஒன்றை, பல்லாயிரம் ஆண்டுகளாக மாறாத முத்திரை என்று எவ்வாறு கொள்வது?

அவ்வறிக்கையும், தொல்குடி மக்களின் மனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலும் 1911-இல் வெளிவந்தன. இனம் வேறு, மொழி வேறு, பண்பாடு வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கலாகாது என்று அந்நூல் நிறுவியது. 1928-இல் தம் அளவுகள் முழுவதையும், ஐயமுடையோர் தாமே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளுமாறு, அப்படியே அச்சிட்டு வெளியிட்டார். 2002-இலும் 2003-இலும் இருவேறு ஆய்வுக் குழுவினர் அவ்வெண்களைக் கணிப்பொறியில் இட்டு மீண்டும் ஆராய்ந்தனர். மாற்றத்தின் அளவு சிறிதென்று ஒரு சாராரும், போவாசின் முடிவு சரியே என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். எதிர்ப்போர் கையில் தம் கணக்கேட்டை முழுமையாகக் கொடுத்துச் சென்றவரின் நேர்மை அதில் விளங்குகிறது.

அரசு கேட்டதோ எனின், இல்லை. போவாசின் அறிக்கையைத் தன் 41 தொகுதிகளுள் ஒன்றாக அச்சிட்ட அதே ஆணையம், குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தவே பரிந்துரைத்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் தென், கிழக்கு ஐரோப்பிய ஏழைகளுக்குக் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. ஆசிய மக்களை அறவே விலக்கியது.

இவ்விடத்தில் நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு செய்தியைக் கூற வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில் இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். அக்கருத்தரங்கை நடத்திய அலெக்சாண்டர் கோல்டன்வைசர், போவாசிடம் பயின்று பட்டம் பெற்றவர். சாதியை நிறத்தோடும் இனத்தோடும் பிணைத்துப் பேசும் ஐரோப்பியரின் கருத்தை 25 வயது இளைஞர் அம்பேத்கர் அங்கே மறுத்தார். சாதியின் உயிர்நாடி அகமண முறையே, அதாவது தம் வட்டத்திற்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் கட்டுப்பாடே என்று நிறுவினார். போவாசிடமிருந்து அம்பேத்கர் கடன் வாங்கினார் என்று நான் கூறவரவில்லை. அண்ணலின் சிந்தனை அவருடையதே. ஆனால் பிறப்பைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் விஞ்ஞானம் வலுவிழந்து கொண்டிருந்த ஓர் அவையில், அக்கட்டுரைக்குச் செவிசாய்ப்போர் இருந்தனர். பின்னர் 1948-இல் தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், மூக்கின் அளவுகளையே எடுத்து வைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஓரினத்தாரே என்று அண்ணல் காட்டினார். ரிஸ்லியின் கருவி ரிஸ்லியின் விதியையே முறித்தது.

அமெரிக்க நிறப்பகைக்குத் தீர்வு யாது என்ற வினாவுக்குப் போவாஸ் 1921-இல் அளித்த விடை, கலப்பு மணத்தால் நிற வேறுபாடே மறைந்தாலன்றிப் பகைமை ஒழியாது என்பதாகும். கலப்பு மணத்தை அண்ணலும் 1936-இல் வலியுறுத்தினார். இரண்டும் ஒன்றெனத் தோன்றலாம், ஒன்றல்ல. போவாஸ், ஒடுக்கப்பட்டோரின் தோற்றமே கரைந்து போவதை எதிர்நோக்கினார். அண்ணலோ கரைய வேண்டுவது சாதியே என்றார். கறுப்பினச் சிறுவன் ஒருவன் மதிக்கப்படுவதற்கு அவன் நிறம் ஏன் மறைய வேண்டும் என்று போவாசை வினவ எனக்குத் தோன்றுகிறது.

கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாகியூட்ல் என்று நூல்களில் குறிக்கப்படும் மக்களோடு அவருக்கு நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட உறவு உண்டு. பாட்லாட்ச் என்பது அம்மக்களின் பெருவிழா. பெயர் சூட்டல், திருமணம், இறந்தோர் நினைவு ஆகியவற்றை முன்னிட்டுத் தலைவர்கள் ஊரைக் கூட்டித் தம் பொருள்களை வாரி வழங்குவர். வழங்குவோருக்கே பெருமை, சேர்த்து வைப்போருக்கு இல்லை. இவ்வழக்கம் மக்களைச் சோம்பேறிகளாக்குகிறது என்று கூறி, கனடா அரசு 1885 முதல் அதைக் குற்றமாக்கியது. 1886-இல் போவாஸ் முதன்முறை சென்றபோது, எங்கள் நடனத்தைத் தடுக்க வந்த அரசாளனோ என்றே அம்மக்கள் அவரை வினவினர். இல்லை என்ற உறுதியைப் பெற்ற பின்னரே வரவேற்றனர். இத்தடையின் அறியாமையைப் பின்னர் அவர் செய்தித்தாளில் எழுதியும் அரசுக்கு மடல் விடுத்தும் கண்டித்தார். வாரி வழங்குவது வீண்செலவன்று. அது கடனும் முதலீடும் சேர்ந்த ஒரு பொருளாதார முறை என்று விளக்கினார். 1921-இல் ஒரு விழாவிற்காக 45 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டுப் பலர் சிறை சென்றனர், முகமூடிகள் பறிமுதலாயின. 1951-இல்தான் அத்தடை சட்டத்திலிருந்து நீங்கியது.

அம்மக்களைப் பற்றிப் போவாஸ் எழுதிய பல்லாயிரம் பக்கங்களுக்கு உண்மையான ஊற்று ஜார்ஜ் ஹண்ட். அவர் 1854-இல் பிறந்தவர். தாய் டிலிங்கிட் குலத்தவர், தந்தை ஆங்கிலேயர். குவாகியூட்ல் மக்களிடையே வளர்ந்து அவர்களுள் ஒருவரானவர். 1893-இல் அம்மொழியை ஒலிவழுவாமல் எழுதும் முறையைப் போவாஸ் அவருக்குக் கற்பித்தார். அதன்பின் நாற்பதாண்டுகள் ஹண்ட் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். கதைகள், சடங்குகள், மீன் பதப்படுத்தும் முறை, சமையல் என எதையும் விடவில்லை. குளிர்கால நடனச் சடங்கில் கலந்துகொண்டதற்காக 1900-இல் வழக்கில் சிக்கி விடுதலையும் ஆனார். நூல்களின் முகப்பில் ஹண்டின் பெயரையும் போவாஸ் அச்சிட்டார் என்பது அந்நாளில் அரிய செயல். ஆயினும் ஒருவருக்குப் பக்கக் கணக்கில் கூலி, மற்றவருக்குப் பேராசிரியர் பதவி என்ற வேறுபாடு இறுதிவரை நீங்கவில்லை.

அவரிடம் பயின்ற பெண்கள் இருவரைக் கூறாமல் விடலாகாது. சோரா நீல் ஹர்ஸ்டன் கறுப்பினப் பெண்மணி. 1926-இல் அளவுக் கருவியை ஏந்தி ஆர்லம் தெருக்களில் போவோர் வருவோரை நிறுத்தித் தலைகளை அளந்தார். தன் மக்களின் கதைகளைத் தொகுத்து அவர் 1935-இல் வெளியிட்ட நூலுக்குப் போவாஸ் முன்னுரை எழுதினார். எல்லா டெலோரியா டகோட்டாத் தொல்குடியில் பிறந்தவர். தம் தாய்மொழிக்குப் போவாசோடு இணைந்து அவர் எழுதிய இலக்கணம் 1941-இல் வெளிவந்தது. தம் உறவினரிடம் கதை கேட்கச் செல்லும்போது உணவுப்பொருள் கொண்டுசெல்லாமல் வெறுங்கையோடு செல்ல முடியாது, நான் அவர்களுக்கு அயலாள் அல்லேன் என்று அவர் போவாசுக்கே எடுத்து எழுதினார். கேட்பவர் உறவினராயின் கேள்வியின் தன்மையே மாறிவிடுகிறது. எனினும் இவ்வறிவுக்கு நிலையான பதவி எதையும் எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குத் தரவில்லை.

போவாசின் தனிவாழ்வு துன்பம் நிறைந்தது. 1915-இல் முகத்தில் செய்த அறுவை மருத்துவத்தால் ஒருபக்கம் செயலிழந்தது. 1924-இல் மகள் ஒருத்தியும் 1925-இல் மகன் ஒருவனும் மாண்டனர். 1929-இல் வண்டி மோதி மனைவியார் மறைந்தார். இவற்றினூடே பொதுவாழ்வில் அவர் அஞ்சிப் பின்வாங்கவில்லை. முதல் உலகப்போரின்போது சில மானிடவியலார் ஆராய்ச்சி என்ற போர்வையில் மத்திய அமெரிக்காவில் ஒற்றர்களாகப் பணியாற்றினர். 1919 டிசம்பரில் இதை ஏட்டில் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். இவர்களால் இனி எந்த நாட்டு மக்களும் ஆராய்ச்சியாளரை நம்பமாட்டார் என்பது அவர் வாதம். அம்மாதமே அமெரிக்க மானிடவியல் கழகம் கூடி, ஒற்றரை விடுத்து, உண்மையைச் சொன்ன போவாசையே 20-க்கு 10 என்ற வாக்கில் கண்டித்தது. அக்கழகத்தைத் தொடங்கியோருள் அவரும் ஒருவர். அத்தீர்மானம் 2005-இல்தான் திரும்பப் பெறப்பட்டது.

1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் செருமனியில் போவாசின் நூல்கள் தீயிலிடப்பட்டன. 75 வயதை எட்டிக்கொண்டிருந்த முதியவர், அந்நாட்டுக் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பதவியிழந்து வந்த அறிஞர்களுக்கு வேலை தேடித் தந்தார். 1938 டிசம்பரில் நாசி இனக்கொள்கையைக் கண்டித்து 1,284 அமெரிக்க விஞ்ஞானிகள் கையொப்பமிட்ட அறிக்கை வெளிவந்தது. அம்முயற்சியின் தலைவர் அவரே.

1942-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், பிரான்சிலிருந்து தப்பி வந்த மானிடவியலார் பால் ரிவே என்பவருக்குக் கொலம்பியாவில் விருந்தளித்தார் போவாஸ். உரோமத் தொப்பி அணிந்து கடுங்குளிரில் வந்து, உணவு மேசையில் உற்சாகமாக உரையாடிக் கொண்டிருந்தார். இனவெறிக்கு எதிராக இடைவிடாது விழித்திருக்க வேண்டும் என்பதே அவருடைய கடைசிப் பேச்சு என்பர். பேசிக்கொண்டிருந்தபடியே நாற்காலியோடு பின்புறம் சாய்ந்தார்; எழவில்லை. வயது 84.

கிசுக்கின் எலும்புகளும் அவருடன் மாண்ட மூவரின் எலும்புகளும் மேலும் ஐம்பதாண்டுகள் அந்த நியூயார்க் அருங்காட்சியகத்திலேயே இருந்தன. 1993-இல் அவை கிரீன்லாந்தின் கானாக் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டன. அவ்வூர் மக்கள் அவற்றைத் தம் மண்ணில் அடக்கம் செய்து, மேலே கற்களை அடுக்கினர்.